உயரம் 112

மேசையில் மூன்று அட்டவணைகள். மூன்றும் நெல் வயல் சோதனைகளில் எடுத்த அளவுகள். ஒன்றில் தலைப்பு ‘பி.எச்.’, இன்னொன்றில் ‘செடி உயரம்’, மூன்றாவதில் வெறும் ‘உயரம்’. மூன்றாவது, பழைய வயல் நோட்டிலிருந்து யாரோ பார்த்துத் தட்டியது. முதல் வரிசையில் ‘112 செ’. கீழே சில வரிசைகளில் ‘செ’ உண்டு, பலவற்றில் இல்லை. அலகைக் குறித்துவைத்த புண்ணியவான் யாரோ, பாதியில் சோம்பல் பட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றையும் ஒன்றாக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம் என்று உட்கார்ந்தேன். நாலு மாதம் ஆகிறது.

*

செடியின் உயரம் என்றால் எதிலிருந்து எதுவரை?

கீழே மண். அதில் தகராறு இல்லை என்றுதான் அப்போது நம்பினேன். மேலே எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஆளுக்கொரு வழக்கம். முதல் அட்டவணைக்காரர்கள் உயரமான கதிரின் நுனிவரை அளந்திருக்கிறார்கள், மீசையைக் கணக்கில் சேர்க்காமல். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீட்டுக் கையேடு சொல்வதும் அதுதான். இரண்டாவது அட்டவணைக்காரர்கள் கதிரின் அடியோடு நிறுத்திவிட்டார்கள். அது தண்டு நீளம். கையேட்டில் அதற்குத் தனிப் பெயர், தனி இடம். ஆனால் அவர்கள் தலைப்பில் போட்டது ‘செடி உயரம்’.

நடுவில் விட்டுப்போனது ஒரு கதிர். ஏறத்தாழ 25 செ.மீ.

நெல்லில் 25 செ.மீ. என்பது விளையாட்டு இல்லை. 1966-ல் வந்த ஐ.ஆர்.8 இவ்வளவு பெயர் பெற்றது குட்டையாக இருந்ததால்தான். உரம் போட்டாலும் சாயாமல் நின்றது. தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் ரகத்திலிருந்து வந்த எஸ்.டி.1 என்ற ஒற்றை மரபணு செய்த வேலை அது; அந்த மரபணு இன்னதுதான் என்று பிடிபட்டது 2002-ல். இப்படிப்பட்ட ஒரு பண்பில், அளவுகோலை நிறுத்திய இடத்தால் வந்த வித்தியாசத்தைக் கலந்துவிட்டு, “இதற்குக் காரணமான மரபணுவைத் தேடு” என்று கணினியிடம் கொடுத்தால், எதையாவது தேடி எடுத்துக் கொடுத்துவிடும். சந்தேகப்படுவது அதன் வேலை அல்ல.

*

அக்கா லண்டனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம், “எனக்கு சுகர் ஏழுப்பா, டாக்டர் கவனமா இருக்கச் சொல்றார்” என்றாள்.

“ஏழா? ஏழு இருந்தா மனுஷன் எழுந்து நிக்க முடியாதேம்மா. எனக்கே 126.”

இருவருக்கும் ஒரே அளவு. அங்கே லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று பார்க்கிறார்கள், இங்கே டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று. ஏழைப் பதினெட்டால் பெருக்கினால் 126. வெறும் வயிற்றில் நீரிழிவு என்று சொல்லும் கோடும் அங்கேதான் இருக்கிறது. அப்பாவுக்கு இது விளங்கியதும் முகம் மாறிவிட்டது. தன் அளவில் அவருக்கு வராத பயம் மகளின் அளவில் வந்தது.

*

நம் வீடுகளில் யாராவது “சுகர் 180” என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். “சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” அதற்கடுத்து: “லேப்லயா, வீட்டு மிஷின்லயா?” யாரும் சொல்லிக் கொடுக்காமலே அம்மா இதைக் கேட்கிறாள். வெறும் எண்ணுக்கு மதிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும்.

இண்டியானாபொலிஸில் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-ல் தொடங்கிய லாயிங்க் என்ற குறியீட்டு முறை, அம்மாவின் கேள்விகளை ஆறாக்கி வைத்திருக்கிறது. எதை அளந்தாய், அதன் எந்தத் தன்மையை, எந்த நேரத்தில், எதிலிருந்து எடுத்து, எந்த வகை அளவில், எந்த முறையில். ஆறில் ஒன்று மாறினால் எண் மாறும். ரத்த நீரில் குளுக்கோஸ், எடைக் கணக்கு என்றால் 2345-7. அதே குளுக்கோஸ் மோல் கணக்கு என்றால் 14749-6. எடைக் கணக்கே, ஆனால் வெறும் வயிற்றில் எடுத்தது என்றால் 1558-6. அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவே நடந்த குழப்பத்தைத் தீர்க்க முதலிரண்டு எண்களே போதும். இரண்டும் வேறு என்று தெரிந்த பிறகுதான் பதினெட்டால் பெருக்கும் யோசனையே வரும்.

*

ஆனால் மூன்று மாதச் சர்க்கரைக்கு (எச்.பி.ஏ.1.சி.) பெருக்கல் மட்டும் போதாது. இங்கே 6.5 சதவீதம் என்பதைப் பிரிட்டனில் 48 என்கிறார்கள். 2011 முதல் அங்கே புதிய அலகு மட்டும்தான். மாற்றுவதற்கான சூத்திரம்: சதவீதத்திலிருந்து 2.15-ஐக் கழித்து, மீதியை 10.929-ஆல் பெருக்கு.

அந்தக் கழித்தல் எங்கிருந்து வந்தது என்று வெகுநாள் எனக்குப் புரியவில்லை. கிலோவைப் பவுண்டாக்கும்போது யாரும் எதையும் கழிப்பதில்லையே. பிறகு தெரிந்தது: பழைய முறை, சர்க்கரை ஏறிய ஹீமோகுளோபினோடு வேறு சிலவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டது. புதிய ஆதார முறை அதை மட்டும் பிரித்து அளக்கிறது. ஆகவே அந்த 2.15, அலகு மாற்றம் அல்ல. இரண்டு கருவிகள் இரண்டு பொருள்களைப் பார்த்தன என்பதற்கு விட்டுப்போன தடயம். நிறைய மாதிரிகளை இரண்டு முறையிலும் அளந்து பார்த்ததால்தான் இப்படி ஒரு சூத்திரமாவது கிடைத்தது. அப்படி யாரும் செய்யாத இடத்தில் சூத்திரம் கிடையாது.

அலகை மாற்றலாம், அளந்த முறையை மாற்ற முடியாது. என் மூன்று அட்டவணைகளின் மொத்தத் துன்பமும் இதுதான்.

*

ஆன்டாலஜிக்குத் தமிழில் ‘இருப்பியல்’ என்றொரு சொல் உண்டு. மெய்யியல் வகுப்பில் சரி. எங்கள் அறையில் சொன்னால் கடையில் என்ன சரக்கு இருப்பு என்று கேட்பதுபோல் இருக்கிறது. ஆன்டாலஜி என்றே எழுதுகிறேன்.

கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன். அகராதி சொல்லுக்குப் பொருள் சொல்லும். ஆன்டாலஜி அதோடு உறவுமுறையும் சொல்லும். கதிர் செடியின் பகுதி. தண்டு நீளம் ஒருவகை நீளம். அதனால் “தண்டு பற்றிய எல்லா அளவுகளையும் கொடு” என்று கேட்டால், ‘தண்டு’ என்ற சொல்லே இல்லாத அட்டவணையிலிருந்தும் கணினி எடுத்துவரும். கல்யாண வீட்டில் “பெண்ணுக்குத் தாய்மாமன் எங்கே” என்று கேட்டால், அவர் பெயர் தெரியாதவரும் ஆளைக் காட்டிவிடுகிறார் அல்லவா, அந்த மாதிரி.

*

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஈஸ்ட்டுக்கு ஓடு முளைத்த கதை.

1998-ல் பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகிய மூன்றின் தரவுத்தளங்களை நடத்தியவர்கள் சேர்ந்து ஜீன் ஆன்டாலஜியைத் தொடங்கினார்கள். காரணம் வெளிப்படை. செல் பிரிவதை நடத்தும் ஒரு மரபணுவுக்கு ரொட்டி ஈஸ்ட்டில் சி.டி.சி.28 என்று பெயர், பிளவு ஈஸ்ட்டில் சி.டி.சி.2, மனிதனில் இன்று சி.டி.கே.1. 1987-ல் பால் நர்ஸின் ஆய்வகம் மனித மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்து, அது அங்கே அதே வேலையைச் செய்வதைக் காட்டியது. உயிர் ஒன்றுதான், பெயர்ப் பலகைகள் மட்டும் வேறு வேறு.

சரி, பொதுவான சொற்கோவை கட்டினார்கள். கைட்டின் என்ற பொருள் பூச்சியின் மேலோட்டில் இருக்கிறது. ஈ ஆராய்பவர்களுக்குக் கைட்டின் வேலை என்றால் மேலோடு கட்டும் வேலை. ஆகவே அந்தச் சொல் மேலோட்டுக்குக் கீழே உட்கார்ந்தது. ஈஸ்ட்டின் செல்சுவரிலும் கைட்டின் உண்டு. ஈஸ்ட்காரர்கள் தங்கள் மரபணுவைக் கைட்டின் என்ற சொல்லோடு இணைத்தார்கள். அங்கிருந்து உறவுமுறையில் ஒரு படி ஏறிப் பார்த்தால் ஈஸ்ட் மேலோடு கட்டிக்கொண்டிருக்கிறது!

யார் சொன்னதும் பொய்யில்லை. சேர்த்தபோதுதான் பொய் பிறந்தது. கைட்டின் வேலையைச் செல்சுவருக்கு ஒன்று, மேலோட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைத்தார்கள். எந்தச் சொல்லிலிருந்து மேலே ஏறினாலும் வழியெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்ற விதியை விளக்க இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

*

குறியீட்டு எண்ணில் ஏன் அர்த்தம் எதுவும் இல்லை என்று புதிதாக வந்த பெண் கேட்டாள். நெல்லுக்கு ‘நெ’ என்று தொடங்கினால் நினைவில் நிற்குமே, சார்?

மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆயிற்று. பெயரை வைத்து இடத்தைக் குறித்திருந்தால் அன்றைக்கே பத்திரங்கள் தடுமாறியிருக்கும். சர்வே எண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. ஜீன் ஆன்டாலஜியின் ஏழிலக்க எண்களும் அப்படித்தான். சொல்லின் பெயரைத் திருத்தலாம், எண் அப்படியே நிற்கும். ஒரு சொல் தவறு என்று தெரிந்தால் அதை அழிப்பதில்லை, ‘வழக்கொழிந்தது’ என்று முத்திரை குத்தி வைக்கிறார்கள். அந்த எண் வேறு யாருக்கும் தரப்படாது. பழைய கட்டுரை ஒன்றில் அந்த எண்ணைப் பார்த்தவன் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று எப்போதும் கண்டுபிடிக்கலாம்.

பெயரில் அர்த்தம் இருந்தால் என்ன கேடு வரும் என்பதற்கு எக்ஸெல் போதும். ‘மார்ச் 1’ என்று ஒரு மனித மரபணு இருந்தது. எக்ஸெல் அதைத் தேதியாக்கிவிடும். மரபணுப் பட்டியலை எக்ஸெல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு எண்ணிச் சொன்னது. எக்ஸெல் உடனே மாறவில்லை. மரபணுக்கள்தான் பெயரை மாற்றிக்கொண்டன.

*

பயிர்களுக்கென்று ஒன்று இருக்கிறது, கிராப் ஆன்டாலஜி. 2008-ல் சி.ஜி.ஐ.ஏ.ஆர். ஆய்வு மையங்களின் வட்டத்தில் தொடங்கியது. அதில் ஓர் அளவைக் குறிக்க மூன்று துண்டுகள் வேண்டும். பண்பு, முறை, அளவுகோல். ‘செடி உயரம்’ பண்பு. ‘மண்ணிலிருந்து கதிர் நுனிவரை, மீசை நீங்கலாக’ முறை. ‘செ.மீ.’ அளவுகோல். மூன்றும் சேர்ந்ததற்குத்தான் ஒரு எண்.

பொதுப் பண்புகளின் ஆன்டாலஜியான பாட்டோவில் உயரத்துக்கு எண் 0000119. செடி முழுவதற்கும் தாவர ஆன்டாலஜியில் 0000003. சென்டிமீட்டருக்கு அலகு ஆன்டாலஜியில் 0000015. மூன்றையும் கோத்தால் ‘செடி உயரம், செ.மீ.’ என்று உலகத்தில் எந்தக் கணினியும் புரிந்துகொள்ளும். ஆனால் ‘எதுவரை’ என்பது அதில் இல்லை. முறைக்குத் தனி இருக்கை போட்டது கிராப் ஆன்டாலஜிக்காரர்களின் கெட்டிக்காரத்தனம். வயலில் நின்றவர்கள் உட்கார்ந்து எழுதியது என்று அதிலேயே தெரிகிறது.

மூன்றாவது அட்டவணையில் ‘செ’ என்று இருந்த ஒவ்வொரு வரிசைக்கும் 0000015 என்று போட்டேன். இல்லாத வரிசைகளுக்கும், எண்களைப் பார்த்தால் அதேதான் என்பதால், போட்டேன்.

*

குலை நோய் மதிப்பெண் பற்றி ஒரு வரி. கையேட்டின்படி 0 என்றால் நோயே இல்லை, 9 என்றால் இலைப்பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது. ஓர் அட்டவணையில் இதைத் திருப்பி, நல்ல செடிக்கு 9 போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பழக்கம், மார்க் கூடினால் நல்லது. அளவுகோலைக் கேட்காமல் இரண்டையும் சேர்த்திருந்தால், செத்த செடிகளை முதல் வகுப்பில் தேர்ச்சி பெற வைத்திருப்பேன்.

*

விளைச்சலுக்கு வந்தால் ஈரம்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நிற்கும் எந்த விவசாயியும் ஈரப்பதமானியைத்தான் முதலில் பார்ப்பார். 17 சதவீதத்தைத் தாண்டினால் பேச்சு வேறு. ஆராய்ச்சியில் 14 சதவீதத்துக்குக் கணக்கிட்டு எழுதுவது வழக்கம். ஹெக்டேருக்கு 5,000 கிலோ, ஈரம் 20 சதவீதம் என்றால், 5,000-ஐ 80-ஆல் பெருக்கி 86-ஆல் வகுக்க வேண்டும். 4,651 கிலோ. வித்தியாசம் முழுவதும் தண்ணீர். ஈரம் எழுதாத அட்டவணையில் எவ்வளவு நெல், எவ்வளவு தண்ணீர் என்று இப்போது யாரைக் கேட்பது?

*

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் நெல்லை இத்தனை கலம் என்று சொல்வதோடு விடவில்லை. எந்த மரக்காலால் அளந்தது என்றும் வெட்டி வைத்தார்கள். ஆடவல்லான் என்னும் மரக்கால். அது இராசகேசரிக்கு ஒக்கும் என்ற குறிப்பும் கூடவே. அளவு, அளந்த கருவி, அந்தக் கருவி வேறு எதற்குச் சமம் என்ற இணைப்பு. ஆயிரம் வருடம் கழித்து நாங்கள் கணினியில் எழுதுவதும் இதையேதான், கல்லில் இல்லாததால் கொஞ்சம் கவனக்குறைவாக.

ஒரு வம்பு: பொன் நிறுத்த எடைக்கல்லுக்கும் அங்கே ஆடவல்லான் என்றுதான் பெயர். மரக்காலும் ஆடவல்லான், கல்லும் ஆடவல்லான். எங்கள் குழுவில் யாராவது பார்த்தால் இரண்டுக்கும் தனித்தனி எண் கேட்டுக் கடிதம் எழுதியிருப்பார்கள்.

*

2016-ல் ஃபேர் கொள்கைகள் என்று வெளியாயின. தரவு தேடினால் கிடைக்க வேண்டும், எடுக்க முடிய வேண்டும், பிறவற்றோடு பொருந்த வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும். இப்போது நிதி கேட்கும் விண்ணப்பங்களில் இந்த நான்குக்கும் கட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள். நாமும் டிக் அடிக்கிறோம். முதல் இரண்டையும் நல்ல சர்வர் வாங்கினால் முடித்துவிடலாம். மூன்றாவதற்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து, “நீங்கள் எப்படி அளந்தீர்கள்?” என்று ஆள் ஆளாகக் கேட்க வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளம் விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்திலும் வராது.

*

முறையையும் ஒன்றாக்கிவிட்டால்?

1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவில் போர்ட்லேண்ட், ஆல்பனி, கனடாவில் எட்மண்டன் என மூன்று ஆய்வகங்கள். ஒரே வகைச் சுண்டெலிகள், ஒரே சோதனைகள், ஒரே கருவிகள், எலியின் வயதும் தொடங்கும் நேரமும்கூட ஒன்று. முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிப் பார்த்தார்கள். அப்படியும் சில சோதனைகளில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் விடை மாறியது. கையில் எலியைத் தூக்கியவர் யார் என்பதற்கெல்லாம் குறியீடு எங்கே போவது?

இதைப் படித்ததும் முதலில் சோர்வாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கத்தான் ஆன்டாலஜி என்று நினைத்து இந்த வேலைக்கு வந்தேன். நாலு மாதத்தில் அது எனக்குச் செய்த உபகாரமெல்லாம் ‘இதை அதோடு சேர்க்காதே’ என்று தடுத்ததுதான். மூன்று அட்டவணைகளில் இரண்டாவதைத் தனியே தூக்கி வைத்துவிட்டேன். மேலதிகாரிக்கு வருத்தம், வரிசைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டதாம்.

*

பயோபோர்ட்டல் என்ற களஞ்சியத்தில் ஆயிரத்துக்கு மேல் ஆன்டாலஜிகள் இருக்கின்றன. ஊரையெல்லாம் ஒரே மொழி பேச வைக்கப் போனவர்கள் ஆயிரம் மொழி படைத்துவிட்டார்கள். ஏற்கெனவே ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்யாதிருக்கட்டும் என்று ஓ.பி.ஓ. ஃபவுண்டரி என்ற ஏற்பாடு 2007-ல் வந்தது. கூட்டு முயற்சிதான் என்றாலும் எல்லாரும் வீடு கட்டத்தான் விரும்புகிறார்கள், வாடகைக்குப் போக யாருக்கும் மனமில்லை.

*

மூன்றாவது அட்டவணையின் பழைய நோட்டை எழுதிய காலத்தில் அந்தப் பண்ணையில் வயல் மேஸ்திரியாக இருந்தவரின் போன் எண் கிடைத்தது. ஓய்வு பெற்றுப் பல வருடம். கதிர் நுனிவரையா, அடிவரையா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்.

“நுனி வரைக்குந்தான் தம்பி. மீசை சேக்க மாட்டோம்.”

எனக்கு நிம்மதி. முதல் அட்டவணையோடு சேர்க்கலாம். வைப்பதற்கு முன்னால், பேச்சை நல்லபடி முடிக்கலாமென்று, “நோட்டுல செ.மீ. எல்லாம் குறிச்சு வச்சிருக்கீங்க ஐயா, பெரிய உதவி” என்றேன்.

“செ.மீ.யா? அத யாரு எழுதுவா. எல்லாமே சென்டிமீட்டருதான.”

“இல்லைங்க, ‘செ’ன்னு போட்டிருக்கே.”

“அதுவா. அது செங்கல்லு.”

மழை பெய்த அன்றைக்கு அளவுகோல் சேற்றில் இறங்கிவிடுமாம். ஒரு செங்கலைப் போட்டு அதன்மேல் கோலை நிறுத்தி அளப்பார்களாம். அந்த வரிசைக்கெல்லாம் ‘செ’.

“செங்கல் கனத்தை அப்புறம் கூட்டினீங்களா ஐயா?”

“அது எழுதுறவரு வேல. நான் அளக்கறவன்.”

“படுக்க வச்சா, நிறுத்தி வச்சா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் ஒரு குழந்தை அழுதது.

“எடத்தப் பொறுத்து, தம்பி.”

எண்ணிப் பார்த்தேன். 38 வரிசைகள். அலகு 0000015 தவறில்லை, சென்டிமீட்டர்தான். முறைப் பட்டியலை மேலும் கீழும் தேடினேன், செங்கல் இல்லை. குறிப்புப் பத்தியில், ‘கோலின் அடியில் செங்கல், கிடையாகவா நிலையாகவா தெரியவில்லை, கனம் கூட்டப்பட்டதா தெரியவில்லை’ என்று 38 முறை ஒட்டினேன்.

முதல் வரிசை 112. அதற்கும் ‘செ’.